நாற்பத்தொன்று யாருடைய நெஞ்சில்

ஜுபைல்
3 ஜூன் 2025

அக்கா,

பேப்பரில் எழுதுகிறேனே என்று சிரிக்காதே. என் போனில் உன் கம்பெனியின் ஆப் இருக்கிறது. கேமரா, மைக், போன் நம்பர்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டது. கொடுக்காதவனைச் சைட் வாசலுக்குள் விடவில்லை. அதனால் உன் கம்பெனியைப் பற்றி அந்தப் போனில் ஒரு வார்த்தை பேச மாட்டேன். கௌஸ் முகம்மது பாய் பத்து நாளைக்கு ஒருமுறை அபுதாபியிலிருந்து இங்கே டிரெய்லர் ஓட்டி வருகிறார். நல்ல மனுசன். கவரைப் பிரிக்க மாட்டார்.

போன மாதம் நீ, "சின்னப்பிள்ளை மாதிரி பேசாதே, ஆய்வுக்கான சம்மதப் பேப்பரில் கையெழுத்துப் போடு" என்றதிலிருந்து நான் உன் போனை எடுக்கவில்லை. இந்தக் கடிதத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

உன் விண்வெளி டாக்டரம்மா போன மாதம் எங்கள் கேம்புக்கு வந்தார். மெஸ் ஹாலில் ஏசி போட்டார்கள். நாங்கள் வந்த நாளிலிருந்து அந்த ஏசி ஓடியதே இல்லை. மேலே மிதந்தபடி தன் கையில் தானே ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் படத்தைக் காட்டினார். நெஞ்சில் ஒட்டிய பட்டை அன்றைக்குத் தன் உயிரைக் காத்ததாகவும், இன்றைக்கு அதே பட்டை எங்களை வெயிலிலிருந்து காக்கும் என்றும் சொன்னார். சேப்டி ஆபீசர் கோபாலசாமி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பாண்டித்துரை அண்ணன் எழுந்து, "மேலே கக்கூசுக்கு எப்படிம்மா போவீங்க?" என்று கேட்டார். டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்து, பத்து நிமிடம் அதற்குத்தான் பதில் சொன்னார்.

பட்டை காட்டும் எங்கள் துடிப்பை யார் பார்ப்பார்கள் என்று நான் கேட்டேன். "முதலில் நீங்கள்" என்றார். இரண்டாவதாக யார் என்று சொல்லவில்லை.

அறுபது பேருக்கும் பட்டை ஒட்டினார்கள். என் பட்டையின் எண் ஜே-41. சேதுபதி என்றொருவன், என் கட்டிலுக்கு எதிர்க் கட்டில். அவனுக்கு இரண்டு முறை மஞ்சள் எச்சரிக்கை வந்தது, மூன்றாவது முறை சிவப்பு. மறுநாள் டூட்டி லிஸ்டில் பெயர் இல்லை. ஐந்தாம் நாள் ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். "அன்ஃபிட்" என்று ஒரு வார்த்தை, கலாஸ், கதை முடிந்தது.

அந்தச் சிவப்பு எந்த ஸ்கிரீனில் வந்தது அக்கா? நீ உட்கார்ந்திருக்கும் ஸ்கிரீனிலா?

ஆல்டோ

*

அபுதாபி
13 ஜூன் 2025

ஆல்டோ,

ஒரு மாதம் போனை எடுக்காமல் இருந்துவிட்டு அக்காவுக்குக் கடிதம் எழுதுகிறவன், "நல்லா இருக்கியா" என்று கேட்டுவிட்டுத் திட்டலாம்.

ஆமாம், என் ஸ்கிரீனில்தான். பதினான்கு வருடம் ஐசியூவில் நின்றேன். இப்போது உட்கார்ந்து வேலை செய்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். சிவப்பு வந்தால் இரண்டு வழி. உண்மை என்று தோன்றினால் சைட்டுக்குப் போன் செய்து, ஆளை நிழலில் உட்காரவை என்று சொல்வோம். வியர்வையில் பட்டை நழுவியிருந்தால் "ஒட்டு தளர்வு" என்று குறித்து மூடிவிடுவோம். எங்களுக்குப் பெயர் தெரியாது. எண் மட்டும்தான். சேதுபதியை ஊருக்கு அனுப்பச் சொல்லி நான் யாருக்கும் சொல்லவில்லை. என்னால் அப்படிச் சொல்லவும் முடியாது.

டாக்டர் சோலனை உனக்குத் தெரியாது. எமர்ஜென்சி டாக்டராக இருந்தவர். விண்வெளிக்கு மூன்று முறை மனுப் போட்டு, மூன்றாவதில்தான் தேர்வானார். இரண்டு பயணம், இருநூற்றுப் பதினொரு நாள். திரும்பி வந்தபின் சொற்பொழிவு செய்து கொண்டே வசதியாக வாழ்ந்திருக்கலாம். முதலீட்டு நிறுவனத்தில் சேர்ந்து, யாரும் கை வைக்காத சின்ன மருத்துவக் கம்பெனிகளாகத் தேடித் தேடிப் பணம் போட்டார். எங்களுடையது அதில் ஐந்தாவது. நர்ஸ்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர். என் பெயரை ஒழுங்காகச் சொல்லும் ஒரே வெள்ளைக்கார அம்மா. என்னோடு ஆபீசுக்கு வந்த லிஜியைத் தோளில் தட்டி, நீயும் மேலே போகலாம் என்றார். அன்றிலிருந்து அவள், "ஆல்டோ மாமாவும் பட்டை ஒட்டியிருக்காங்க, மாமாவும் அஸ்ட்ரோநாட்டா?" என்று கேட்டு உயிரை எடுக்கிறாள்.

இப்போது முக்கியமானது. பட்டை ஒட்டிய அன்று நீ லிஜிக்கு அனுப்பிய படத்தில் உன் எண் தெரிந்தது. பார்க்கக் கூடாது என்று விதி. பார்த்தேன். பத்து நாளாக 41-இன் துடிப்பு சரியில்லை மக்கா. ஏணி ஏறும்போதெல்லாம் தாளம் தப்புகிறது. அப்பா கடலில் வள்ளத்திலேயே மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது அவருக்கு நாற்பத்தாறு. உனக்கு இருபத்தொன்பதுதான். உனக்கு மயக்கம் வருகிறதா? படபடக்கிறதா? மறைக்காமல் எழுது.

உன் அக்கா
தேவகனி

*

ஜுபைல்
24 ஜூன் 2025

அக்கா,

எனக்கு ஒன்றும் இல்லை. ஆறு மாடி உயரச் சாரத்தில் வெல்டிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பெயர் தெரியாது என்கிறாய், அடுத்த பக்கத்தில் என் நெஞ்சுக்குள் நடப்பதைச் சொல்கிறாய். ஒரு போட்டோவை வைத்து நீ கண்டுபிடித்துவிட்டாய். பாஸ்போர்ட் நகலோடு எங்கள் லிஸ்டையே கையில் வைத்திருக்கிற காண்ட்ராக்டர் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? நீ பொய் சொல்கிறாய் என்று சொல்லவில்லை. உனக்குச் சொன்னதை நீ நம்புகிறாய். நீ நம்புவாய் என்று தெரிந்துதான் அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

பதினைந்தாம் தேதியிலிருந்து மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை வெயிலில் வேலை கூடாது என்று சட்டம். நல்ல சட்டம். அதனால் என்ன நடக்கிறது தெரியுமா? பன்னிரண்டுக்குள் முடி, ஜல்தி, ஜல்தி என்று காலையிலேயே நாய் மாதிரி விரட்டுகிறார்கள். அந்த மூன்று மணி நேர வேலையையும் பன்னிரண்டு மணிக்குள் பிழிகிறார்கள். அதை உன் ஸ்கிரீன் காட்டுகிறதா?

உன் டாக்டரம்மா பழைய பேட்டி ஒன்றில் பேசியதைப் பார்த்தேன். பாண்டித்துரை அண்ணனின் போனில்தான் பார்த்தேன், என்னுடையதில் இல்லை. முதல் பயணத்துக்கு முன் தனக்குப் படபடப்பு வந்ததாகவும், விண்வெளி டாக்டர்களிடம் சொன்னால் தரையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று மறைத்ததாகவும் சிரித்துக்கொண்டே சொல்கிறார். எதிரில் இருந்தவர்களும் கைதட்டிச் சிரித்தார்கள். ஒரு டாக்டர் தன் வேலைக்காக டாக்டரிடம் மறைத்தால் அது துணிச்சல். சேதுபதி மறைக்கத் தெரியாதவன், அவன் அன்ஃபிட்.

இரண்டு கேள்வி. வாராவாரம் காண்ட்ராக்டருக்கு ஏதாவது லிஸ்ட் போகிறதா? விசாரித்துச் சொல். இன்னொன்று, நீ சொல்கிற அந்தத் தாளம் தப்புகிற வியாதி ஆகஸ்ட் லீவு வரை தாங்குமா? ஊருக்குப் போய்ப் பார்த்தால் போதாதா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

ஆல்டோ

*

அபுதாபி
8 ஜூலை 2025

ஆல்டோ,

தாங்காது. முதலில் அதை எழுதிவிடுகிறேன். ஆகஸ்ட் வரை தாங்காது. போனில் மூன்று முறை, "ஆஸ்பத்திரிக்குப் போ" என்று அனுப்பினேன். மூன்று முறையும் கட்டைவிரலைக் காட்டி ஒரு படம் அனுப்பினாய். அதைப் பார்த்துக்கொண்டே 41-ஐயும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்ட லிஸ்ட் உண்மைதான். வியாழக்கிழமை தோறும் போகிறது. அறுபது எண்களும் மூன்று வகையாகப் பிரித்து. எந்த எண் யார் என்ற பட்டியலைக் காண்ட்ராக்டரே வைத்திருக்கிறார். எனக்கு அது தெரியாமல் இருந்ததற்கு நீ என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

டாக்டர் சோலனிடம் நேரில் போய்க் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "அந்தத் தாள் இல்லையென்றால் எந்தக் காண்ட்ராக்டரும் இதை வாங்க மாட்டார். யாரும் வாங்காவிட்டால் பட்டை இல்லை. பட்டை இல்லாவிட்டால் அவர்கள் சாகத்தான் செய்வார்கள், நமக்குத் தெரியாமல்" என்றார். டீயை என் பக்கம் தள்ளி வைத்தார். அவர் சொன்னது தவறு என்று அந்த அறையில் எனக்குத் தோன்றவில்லை. வெளியே வந்து லிப்டில் நின்றபோதுதான் தோன்றியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேதுபதியைப் பற்றி நீ எழுதிய நாளிலிருந்து 41-இல் சிவப்பு வரும்போதெல்லாம் "ஒட்டு தளர்வு" என்று குறித்து மூடுகிறேன். இதுவரை நான்கு முறை. உன் பெயர் அந்த வியாழக்கிழமைத் தாளில் வரக் கூடாது என்று. பதினான்கு வருடத்தில் ஒரு நோயாளியின் சார்ட்டில் நான் பொய் எழுதியதில்லை. உனக்காக எழுதினேன். உன் வேலையைக் காப்பாற்றுகிறேனா, உன்னைக் கொல்கிறேனா என்று தெரியாமல் எழுதினேன்.

இனி முடியாது. பதினைந்தாம் தேதிக்குள் நீயாக ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். போகாவிட்டால் நானே உன் பெயரைச் சொல்லிக் கோபாலசாமியைக் கூப்பிடுவேன். ஊருக்கு ஏற்றிவிட்டாலும் பரவாயில்லை. அப்புறம் வாழ்நாள் முழுக்க என் போனை எடுக்காமலே இரு.

தேவகனி

*

ஜுபைல்
16 ஜூலை 2025

அக்கா,

பாண்டித்துரை அண்ணன் இறந்துவிட்டார். போன சனிக்கிழமை, பன்னிரண்டாம் தேதி. உன் கடிதம் பதினான்காம் தேதி வந்தது.

41 என் நெஞ்சில் இல்லை. ஜூன் தொடக்கத்திலிருந்தே இல்லை. அண்ணனுக்கு ஜே-17. இரண்டு மஞ்சள் வந்திருந்தது. மூன்றாவது வந்தால் சேதுபதி போன வழிதான். எனக்கு ஒரு மஞ்சளும் இல்லை. சாயங்காலம் குளிக்கும்போது எல்லோரும் பட்டையிலிருந்து பட்டன் மாதிரி இருக்கும் மெஷினைக் கழற்றிச் சார்ஜ் பெட்டியில் வைப்போம். காலையில் அவர் என்னுடையதை எடுத்துக்கொண்டார், நான் அவருடையதை. நான்தான் சொன்னேன். அவர் தயங்கினார். "உனக்கு ஏதும் வந்துரப் போகுதுடா" என்றார். எனக்கு என்ன வரும், நான் எருமை என்றேன்.

உன் ஜூன் கடிதம் வந்த அன்றே அவரிடம் சொன்னேன். ஆகஸ்டில் லீவுக்குப் போகும்போது மதுரையில் காட்டிக்கொள்கிறேன் என்றார். அதனால்தான் ஆகஸ்ட் என்று கேட்டேன். உன்னிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ அவரைப் பிடித்து ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருப்பாய். எனக்கு உன் மேல் சந்தேகம். நீ அந்தப் பக்கத்து ஆள் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை நான் கீழே பைப் பக்கம் வெல்டிங். அவர் மேலே சாரத்தின் நாலாவது தட்டில் தனியாகப் பலகை கட்டிக்கொண்டிருந்தார். பதினொன்றேகால் இருக்கும். கோபாலசாமி மூச்சிரைக்க ஓடி வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏய், உனக்கு மாரடைப்புன்னு அபுதாபியில இருந்து போன். நீ என்னடான்னா குத்துக்கல்லாட்டம் நிக்கிற."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் போனை எடுத்து, "ஆள் நல்லா இருக்கான், உங்க மெஷின்தான் செத்துப்போச்சு" என்று சொல்லி வைத்தார். அதற்குள் நான் மேலே ஏற ஆரம்பித்துவிட்டேன். பெல்ட்டை மாட்டாமல் ஏறுகிறானே என்று கீழே இருந்து கத்தினார்கள்.

அவர் பலகையில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது. விரல்களைப் பிரித்துத்தான் எடுத்தேன். கீழே இறக்க இருபது நிமிடம் ஆனது.

அன்றைக்கு நீ முப்பது தடவை கூப்பிட்டிருந்தாய். நான் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம்தான் "நல்லா இருக்கேன்" என்று அனுப்பினேன். அந்த வார்த்தையை அடிக்கும்போது அவருடைய 17 என் சட்டைக்குள் இருந்தது. அவரை ஐஸ் பெட்டியில் வைத்தபோதும் அது அவர் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனி ரிப்போர்ட்டில் இப்போது என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? இறந்தவரின் பட்டை காலை முதல் மாலை வரை பச்சை. ஆகவே வெயில் காரணம் இல்லை, வேலை காரணம் இல்லை. செத்து ஆறு மணி நேரத்துக்கு அப்புறமும் ஆரோக்கியமாக இருந்திருக்கிறார். மாலை வரை பச்சை என்று எழுதிய கைக்கே அது உறைக்கவில்லை.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். கோபாலசாமிக்கு 11.14-க்குத்தான் போன் வந்தது. அதற்கு முன் சிவப்பு வந்ததா? வந்ததை நீ மூடினாயா?

ஆல்டோ

*

அபுதாபி
29 ஜூலை 2025

ஆல்டோ,

மூடினேன். 11.02-க்கு. அடுத்தது வந்தபோதுதான் போனை எடுத்தேன். நடுவில் பன்னிரண்டு நிமிடம்.

ஆள் நல்லா இருக்கான் என்று கோபாலசாமி சொன்னதும், மாதாவே என்று மேசையில் தலையை வைத்து அழுதேன். சந்தோஷத்தில். ஸ்கிரீனில் 41 நேர்கோடாக இருந்தது. மெஷின் செத்துவிட்டது என்றாரே, நம்பினேன். உன் குரலைக் கேட்கத்தான் அன்றைக்கு அத்தனை தடவை கூப்பிட்டேன். அந்தச் சந்தோஷத்தை இனி எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியவில்லை.

நீ அவருக்காகப் பொய் சொன்னாய். நான் உனக்காகச் சொன்னேன். இரண்டில் ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் போதும்.

டாக்டர் சோலனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். முடிவில் ஒரே கேள்வி: "இது வேறு யாருக்குத் தெரியும்?" என் தம்பிக்கு என்றேன். பிறகு சொன்னார், அவருக்குப் படபடப்பு வந்தபோது அதை மறைத்தது அவர் மட்டும் இல்லையாம். தரையில் இருந்த ஒரு டாக்டர், அவருடைய நண்பர், அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு "கருவிக் கோளாறு" என்று குறித்திருக்கிறார். "அந்த ஒரு குறிப்பினால்தான் நான் மேலே போனேன். நீ இன்று பார்க்கும் எல்லாமே அதனால்தான். அதனால் நர்ஸ்கள் என்ன குறிக்கிறார்கள் என்று நான் தோண்டிப் பார்ப்பதே இல்லை, தேவகனி." என் பெயரை அப்போதும் சரியாகத்தான் சொன்னார்.

17, 41 இரண்டும் ஆய்விலிருந்து விலகியதாகக் காட்டிவிடலாம் என்றார். அடுத்த மாதம் பெரிய கம்பெனி ஒன்று எங்களை வாங்கப்போகிறது. அதுவரை அமைதியாக இருந்தால் என் வேலைக்கும் உன் வேலைக்கும் அவர் பொறுப்பு. கெட்ட எண்ணத்தில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. தனக்கு ஒருவர் செய்ததை அவர் எனக்குச் செய்யப் பார்க்கிறார். ஆனால் அவர் திரும்பி வந்தார். பாண்டித்துரை வரவில்லை.

இந்த ஆய்வுக்கு அனுமதி கொடுத்த குழுவுக்கு நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமைத் தாள், நான் மூடிய ஐந்து சிவப்பு, நீங்கள் மாற்றிக்கொண்ட எண், டாக்டர் சொன்னது, எல்லாம். என் பெயரும் உன் பெயரும் அதில் இருக்கிறது. உன்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்பாய், அதையே சாக்காக வைத்து நானும் நின்றுவிடுவேன்.

அவர் மனைவியின் நம்பர் இருந்தால் அனுப்பு.

தேவகனி

*

ஜுபைல்
14 ஆகஸ்ட் 2025

அக்கா,

உன் கடிதத்துக்கு முன்னால் ஆட்கள் வந்துவிட்டார்கள். பாயின் டிரெய்லர் பார்டரில் நான்கு நாள் நின்றுவிட்டது. ஐந்தாம் தேதி காலையில் குழுவிலிருந்து மூன்று பேர், அதில் ஒருவர் ஹைதராபாத் டாக்டர். நீ எழுதிக் கொடுத்தது எனக்குத் தெரியாது. எண்ணை மாற்றினாயா என்று கேட்டார்கள். யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள், உன்னை மாட்டிவிடப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை, 41 என்னுடையதுதான், எனக்குத்தான் இதயக் கோளாறு, மெஷின் சரியாகத்தான் காட்டியது, என் அக்கா எதையும் மறைக்கவில்லை என்று சாதித்தேன். அப்பா செத்த கதையைக்கூடச் சொன்னேன்.

டாக்டர் வாதாடவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி ஈசிஜி எடுத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தாளைக் கிழித்துப் பார்த்துவிட்டு ஹிந்தியில், "உன் இதயத்தில் ஒன்றும் இல்லை தம்பி" என்றார். அப்போதுதான் அக்கா எனக்கு அழுகை வந்தது. அண்ணனைத் தூக்கி இறக்கும்போது வரவில்லை.

பிறகு அறுபது பேரில் மிச்சமிருந்த அத்தனை பேருக்கும் எடுத்தார்கள். பழைய பதிவோடு பொருந்தாமல் இருபத்திரண்டு பேர். நாங்கள் இருவர் மட்டும் செய்த தந்திரம் என்று நான் நினைத்திருந்தேன். அந்த இருபத்திரண்டு பேரில் பாதிக்கு மேல் என்னைப் பார்த்தால் காறித் துப்புகிறார்கள். ஐந்து பேரை வேலையிலிருந்து எடுத்து, ஊருக்குப் போக எக்ஸிட் அடித்துவிட்டார்கள், அவர்களுடைய வயிற்றிலும் அடித்தேன். ஆய்வைத் தற்காலிகமாக நிறுத்தியிருப்பதாகக் கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. டாக்டரம்மாவின் கையெழுத்து இல்லை, வேறு யாரோ போட்டிருக்கிறார்கள். அண்ணனின் ரிப்போர்ட்டில் இருந்த "பச்சை" அடிக்கப்பட்டு, "பரிசீலனையில்" என்று மாறியிருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் மாறவில்லை.

எனக்கும் எக்ஸிட். இருபதாம் தேதி தம்மாமிலிருந்து பிளைட். அண்ணனின் மனைவி உமாராணி அக்காவின் நம்பரை அனுப்பவில்லை. நீ போனில் சொல்ல வேண்டாம். இறங்கியதும் நான் நேராக முதுகுளத்தூரில் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். யாருடைய மெஷின் யாருடைய நெஞ்சில் இருந்தது என்று அவர் முகத்தைப் பார்த்து நானே சொல்கிறேன். அதற்கு அப்புறம்தான் இனயம், நம்ம வீடு.

உன்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகப் பாய் சொன்னார். சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். உன் கம்பெனியைப் பற்றி நான் நினைத்தது சரி. உன்னைப் பற்றி நினைத்ததுதான் தப்பு.

ஈசிஜி தாளை இதோடு வைத்திருக்கிறேன். உனக்கு இதைப் படிக்கத் தெரியும். எல்லா மேடும் ஒரே உயரம், எல்லா இடைவெளியும் ஒரே அளவு. நீ காப்பாற்றிக்கொண்டிருந்தது இதைத்தான். இதற்கு ஒன்றும் இல்லை அக்கா. தொடக்கத்திலிருந்தே ஒன்றும் இல்லை.

ஆல்டோ